தறிக்காரியின் முடிச்சு

இறக்குமதித் துணி வந்து மருதமுனைத் தறிகள் படுத்துவிட்ட பிறகு, முனவ்வறாவை அவளுடைய அண்ணன், அவள் காக்காதான் பிடித்து ஆஸ்பத்திரி வேலையில் சேர்த்துவிட்டார். அவளுக்கு அது பிடிக்கவேயில்லை. நாளையோடு நின்றுவிடுவதென்று முடிவெடுத்த அன்றுதான் அவளுடைய வார்டில் கிடந்த சீனத்தும்மா கண்மூடி மௌத்தானார்.

"கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டு புள்ள," என்றாள் வேலை பழக்கிய செல்லத்தங்கம். "இழுத்தா அவிழுற மாதிரிக் கட்டு. வீட்டில குளிப்பாட்டுறவங்க அவிழ்க்கணும்."

கைப்பழக்கத்தில் முனவ்வறா, தறியில் நூல் அறுந்தால் போடும் முடிச்சைப் போட்டுவிட்டாள். போட்டவளைத் தவிர வேறெவருக்கும் அது லேசில் அவிழாது.

பின்னேரம் காக்கா சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்து, சீனத்தும்மாவின் மையத்தைக் குழியில் அடக்கிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை சீனத்தும்மா அதே கட்டிலில் குந்தியிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் கட்டியபடியே இருந்தன.

"வீட்டில ஒருத்தராலயும் ஏலாமப் போச்சு மகள். நீயே அவிழ்த்து விடு."

"நான் இண்டையோட நிக்கப் போறன் அக்கா," என்றாள் முனவ்வறா செல்லத்தங்கத்திடம்.

"ஓம், இத அவிழ்த்துட்டுப் போ புள்ள," என்றாள் அவள், அடுத்த கட்டிலின் விரிப்பை உதறியபடி.

முனவ்வறா குனிந்து நகத்தால் நெம்பினாள். முடிச்சு அவிழ்ந்தது. அதன் கீழே இன்னொரு முடிச்சு இருந்தது. நேற்று போட்டது ஒன்றுதான்; ஆனாலும் அதுவும் அவள் கை போட்டதுதான்.

சீனத்தும்மா தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.