மாமரத்துக்கு ஒரு கெடு

"இந்தாங்க அருவா. மரத்துக்கு முன்னாடி நின்னு, 'இந்த வருஷம் காய்க்கலேன்னா வெட்டிருவேன்'னு சத்தமா மிரட்டுங்க. நான் உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சுவேன். எங்க எழுமலைப் பக்கம் இப்படித்தான். மரம் பயந்துபோய்க் காய்ச்சிரும்" என்றாள் தமிழ்ச்செல்வி.

அவள் புருஷன் அழகுபாண்டி, பாலிடெக்னிக்கில் பிசிக்ஸ் வாத்தியார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடக் கிறுக்கு! மரத்துக்குக் காது இருக்கா? அது வெறும் கட்டை, அம்புட்டுதான்!"

புதுக் கார் தெருவில் கிடந்து வெயிலில் காய்ந்தது. மரம் நிற்கிற இடத்தில் ஷெட் போட வேண்டும் என்பது அவர் திட்டம். நட்ட நாளிலிருந்து ஒரு பூக்கூடப் பூக்காத மரம். ஆனால் தமிழ்ச்செல்விக்கு அது வீட்டு ஆள். மாமியார் சண்டை முதல் மிக்ஸி ரிப்பேர் வரை அதனிடம்தான் சொல்வாள்.

"ஒரே ஒரு தடவை மிரட்டுங்க. அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள ஒரு காயாவது காய்க்கலேன்னா வெட்டிக்கங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

பேரம் நன்றாக இருக்கவே, அருவாளை வாங்கினார். அக்கம்பக்கம் மொத்தமும் மாடியில் கூடிவிட்டது.

"ஏ மரமே... காய்க்கலேன்னா... வெட்டிருவேன். ஆமா!" என்றார், அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில்.

"ஐயோ, விட்ருங்க! பச்சைப்பிள்ளைங்க! அடுத்த மாசமே காய்ச்சிரும்!" என்று கையைப் பிடித்த தமிழ்ச்செல்வி, நிஜமாகவே அழுதுவிட்டாள்.

அழகர் ஆத்தில் இறங்கினார். மரத்தில் பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை.

மறுநாள் காலை, அறுப்பு மிஷினோடு மேலூர் சின்னச்சாமி வருவதாக ஏற்பாடு. அழகுபாண்டி குளிக்கப் போனதும் தமிழ்ச்செல்வி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். முந்தானையில் ஒளித்து வைத்திருந்த செந்தூர மாம்பழத்தைத் தெற்குக் கிளையில் பச்சை நூலால் கட்டினாள்.

"முடியலேன்னா பரவாயில்லப்பா. இன்னைக்கு மட்டும் நான் சமாளிச்சுக்கிறேன்" என்று மரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

சின்னச்சாமி வந்து மிஷினை இறக்கினார்.

"ஏய் தமிழு! ஓடி வா! காய்ச்சிருச்சுடி!" வாசலில் அழகுபாண்டி குதித்தார்.

ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்தவள், அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்து நிஜமாகவே முழித்தாள். அவர் காட்டியது வடக்குக் கிளை. அங்கே மஞ்சளாக ஒரு பங்கனப்பள்ளி தொங்கியது. அவர் முழங்கையில் புதுசாக ஒரு சிராய்ப்பு.

"வாக்குன்னா வாக்குதான். வெட்ட வேணாம், சின்னச்சாமி. கார் தெருவுலயே நிக்கட்டும்" என்றார், ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி.

சின்னச்சாமி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன சார் கூத்து இது? அந்தப் பக்கம் செந்தூரம், இந்தப் பக்கம் பங்கனப்பள்ளி! அதுவும் இதுல கடை ஸ்டிக்கர் வேற ஒட்டி..."

அழகுபாண்டி பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினார்.

"மெதுவாப் பேசுய்யா! மரத்துக்குக் கேட்டா என்ன நினைக்கும்?"