ஓட்டைக்கு ஐந்நூறு

ஓனரின் கையெழுத்துக்கு விலையே கிடையாது என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு விலை தெரிந்துவிட்டது. ஓட்டை ஒன்றுக்கு ஐந்நூறு.

நாலு தளம், எட்டு வீடு. கீழ்வீட்டில் இருந்தவருக்கு 'ஓனர்' என்பதே பேராகிவிட்டது. வாடகை ஒன்றாம் தேதி, ரொக்கமாக, அவர் கையில். ரசீது கேட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். ஆறு வருஷத்தில் ஒரு துண்டுச் சீட்டில்கூட அவர் பேனா பட்டதில்லை.

"ஒரே ஒரு கையெழுத்துல வீட்டையே பறிகொடுத்தவங்க கதையெல்லாம் எனக்குத் தெரியும்" என்பார்.

தெரு முழுக்க வந்துவிட்ட ஃபைபர் இண்டர்நெட் இந்த வாசலில் மட்டும் நின்றது அதனால்தான். எட்டு வீட்டுக்கும் லைன் இழுக்க, கட்டட உரிமையாளரின் கையெழுத்து வேண்டும் என்றது கம்பெனி. ஓனரோ, சுவர் கெடும் என்றார். கம்பியில் காக்கா உட்காரும் என்றார். ஃபைபர் என்றால் கண்ணாடி இழையாமே, உடைந்தால் யார் காலில் குத்தும் என்றார்.

மூன்றாவது மாடி டீச்சர் குடிவந்து பத்து மாதம். கம்ப்யூட்டரில் கணக்குப் பாடம் நடத்துபவள். பாதிக் கணக்கில் படம் உறைந்துபோகும். விடை வருவதற்குள் பிள்ளைகள் சாப்பிடப் போய்விடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மறுபடி கையெழுத்துக் கேட்டு வந்த ஃபைபர்காரரை அவள் படிக்கட்டு வளைவில் நிறுத்தினாள். கக்கத்தில் ஒரு பழுப்புக் கவர்.

"கெஞ்சினா மசிய மாட்டார், அண்ணா. காசு பேசுங்க. ஓட்டைக்கு இவ்வளவுன்னு."

"எங்க கம்பெனி ஓட்டைக்கெல்லாம் காசு தராதே, டீச்சர்."

"அது என் பொறுப்பு. கையெழுத்து மட்டும் விழட்டும், மீதியை நான் பாத்துக்கறேன்."

ஃபைபர்காரர் கவரைப் பார்த்தார். "வயசானவரை ஏமாத்தற மாதிரி இருக்கே."

"மாதிரி என்ன, ஏமாத்தறதுதான்" என்றாள் டீச்சர், தலைமுடியைச் சரிசெய்துகொண்டே.

இருவரும் இறங்கி வந்தபோது, ஓனர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஆணி அடிக்க விட மாட்டேன் நான். நீ ட்ரில்லிங் மெஷினோட வந்து நிக்கற."

"சும்மா இல்ல, சார். ஓட்டைக்கு இருநூறு ஓனருக்கு."

ஓனர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு இல்லை. அவர் மனசுக்குள் தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என் சுவர் என்ன குட்டிச்சுவரா? ஆயிரம்."

"முந்நூறு."

"டீச்சரம்மா, இவருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து அனுப்பிடுங்க."

ஐந்நூறில் படிந்தது.

"எத்தனை ஓட்டை?"

"வீட்டுக்கு ஒண்ணு, வெளிச்சுவர்ல ஒண்ணு. ஒன்பது."

"அது எப்படிப் போதும்? மொட்டை மாடிக்கு வேணாமா? தண்ணிக் குழாய் பக்கம் ஒண்ணு போட்டா கம்பி நேரா வருமே, தம்பி?"

ஆணி அடிக்க விடாத மனிதர் கட்டடத்தைச் சல்லடையாக்கிக்கொண்டே போனார். பதின்மூன்றில்தான் பிடித்து நிறுத்த முடிந்தது.

ஃபைபர்காரர் படிவத்தை நீட்டினார். "கரண்ட் பில்லுல இருக்கற பேர்லயே கையெழுத்துப் போடுங்க, சார். இன்னைத் தேதியும்."

பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"பில்லுல இருக்கற பேர் எதுக்கு?"

"ஓனர்தானான்னு சரிபார்க்க. ஏன், பேர் வேறயா?"

"வேற எப்படி இருக்கும்? என் வீடு, என் பேரு."

ஆனாலும் பேனா இறங்கவில்லை. டீச்சர் கொட்டாவி விட்டாள்.

"விடுங்க அண்ணா. அடுத்த தெருவுல நானூறுக்கே தலையாட்டிட்டாங்களாம்."

ஃபைபர்காரர் ஃபைலை மூடிவிட்டுச் செருப்பைத் தேடினார். பாதி வியாபாரம் பேச்சில் முடியும். மீதிப் பாதி, வந்தவன் செருப்பு மாட்டும்போது முடியும்.

"இருப்பா, இரு. அதுக்குள்ள என்ன கோபம்?"

கையெழுத்து விழுந்தது. முழுப் பெயர், அடியில் ஒரு சுழி, தேதி.

படிக்கட்டு வளைவுக்கு வந்ததும் டீச்சர் அந்தப் படிவத்தை வாங்கிப் பழுப்புக் கவருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

ஃபைபர்காரர் கவரை நோக்கிக் கையை நீட்டினார். "டீச்சர், அவர் வீட்டை எதுவும் பண்ணிடாதீங்க. எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு. அந்தப் படிவம் கம்பெனிக்கு வேணும்."

"அது கம்பெனிக்குச் செல்லாது, அண்ணா. போலீசுக்குத்தான் செல்லும். வேற படிவம் ஒண்ணு கொடுங்க."

கொடுத்தார். அவருடைய கருவிப்பை மேலேயே வைத்து, உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கூடவே, கவரிலிருந்து வீட்டுப் பத்திரத்தின் நகலையும் ஒரு வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக் கொடுத்தாள்.

"இது யார் பேரு?"

"என் பேரு. அவர் போட்டது எங்கப்பா பேரு. வெளிநாடு போறப்போ, வாடகை வசூல் பண்ணி அனுப்பச் சொல்லி அப்பா வெச்சுட்டுப் போன ஆள்தான் இவர். அப்பா செத்ததும் பணம் நின்னுபோச்சு. கேட்டா, யாரும் குடியில்ல, கட்டடம் பூட்டிக் கெடக்குன்னார். என்னை அவர் பார்த்ததே இல்ல, அதான் குடித்தனக்காரியா வந்தேன்; ஆனா எழுத்துல எதுவும் மாட்டல." அவள் கவரைத் தட்டினாள். "ஆறு வருஷம் முன்னாடி போய்ச் சேர்ந்த மனுஷன், இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார் பாருங்க."

ஃபைபர்காரர் புதுப் படிவத்தையும் நகல்களையும் கருவிப்பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்போ அந்த ஓட்டைக் காசு?" என்றார்.

"பேசினது பேசினதுதான், அண்ணா."

பத்து நாளில் லைன் வந்தது. அதில் அவள் வக்கீலுக்கு அனுப்பிய முதல் கணக்கு இப்படி இருந்தது: எட்டு வீடு, எழுபத்திரண்டு மாதம், ஆக வரவேண்டியது ஐந்நூற்று எழுபத்தாறு மாத வாடகை; அதில், பேசியபடி ஓட்டை பதின்மூன்றுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கழிக்கவும்.