காலிக் கட்டில் மணி

"கட்டில்ல ஆளே இல்லை மேடம். ஆனா பெல் அடிக்குது," என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பட்டப்பகலில், ட்யூப் லைட் வெளிச்சத்திலேயே அரண்டு போயிருந்தார்கள்.

நோயாளிகள் நர்ஸைக் கூப்பிடும் மணிப்பெட்டியைச் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து அவள் வந்திருந்தாள். அந்தப் பெட்டியை இயக்கும் புரோகிராமை, அவர்கள் பாஷையில் 'டிரைவரை', எழுதியவள். டிரைவர் என்று சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண், வண்டியைப் பின்பக்கம் நிறுத்தச் சொல்லியிருந்தாள்.

வந்த வேலை பேயோட்டுவது அல்ல. கடைசி அறைப் பெரியவர், சேர்ந்த மறுநாளே இறந்துபோனார். மணி அடித்து அடித்துப் பார்த்தும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று சாவதற்கு முன்னால் மகனிடம் போனில் புலம்பியிருக்கிறார். அன்றைக்கு டூட்டியில் இருந்த நர்ஸோ, தன் மேஜையில் மணியே அடிக்கவில்லை என்கிறாள். நாளைக்கு விசாரணை. பெட்டி சரியாக இருந்தது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டால் நர்ஸுக்கு வேலை போகும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசல்படி ஏற்றாது.

"கட்டிலோரம் பச்சை விளக்கு எரிஞ்சுதுன்னு பெரியவரே சொல்லியிருக்கார். பச்சைன்னா பெட்டி கேட்டுடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். பெட்டி கேட்டா மேஜையில அடிச்சே தீரும். தூங்கிட்டு சாக்கு சொல்றாங்க."

அந்த நர்ஸ் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது மணி அடித்தது. மேஜைப் பலகையில் கடைசி அறையின் எண் சிவப்பாக மின்னியது. நர்ஸ் அந்த அறைக்கு நடந்தாள். இன்ஜினியரும் பின்னாலேயே போனாள்.

விரிப்பு உருவிய மெத்தை. சாத்திய ஜன்னல். பட்டன் அதன் கொக்கியில் ஆடாமல் தொங்கியது. நர்ஸ் சுவரில் இருந்த இன்னொரு பட்டனை அமுக்கி மணியை நிறுத்தினாள். ஆள் வந்துவிட்டது என்று பெட்டிக்குச் சொல்லும் பட்டன் அது. திரும்பி வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி அடித்தது. போய் நிறுத்தினாள். மறுபடி அடித்தது.

இன்ஜினியர் கட்டில் பட்டனின் வயரையே பிடுங்கிப் போட்டாள். அதற்கப்புறமும் அடித்தது. வந்த பயத்தை நர்ஸ் மேல் கோபமாகக் காட்டினாள்.

"வெறும் கட்டிலுக்கு எதுக்கு சிஸ்டர் இப்படி ஓடி ஓடி வர்றீங்க?"

"கூப்பிட்டா வரணுமே மேடம்," என்றாள் நர்ஸ்.

மேனேஜர் அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, டிவியைப் போட்டால் அடங்கிவிடும் என்றார். பெரியவருக்கு அது ஓயாமல் ஓட வேண்டுமாம், சத்தம் இல்லாவிட்டால் பயமாம். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் யாரும் அதை அணைக்கவில்லை. பிறகு மகன் வந்து, சாமான்களை எடுத்துக்கொண்டு, டிவியை அணைத்துவிட்டுப் போனார். அந்த நிமிஷத்திலிருந்துதான் இந்தக் கூத்தாம். பேய்க்கு சீரியல் விட்டுப்போச்சு போல என்று அவரே சொல்லிச் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

இன்ஜினியர் டிவியைப் போட்டாள். மணி நின்றது. அணைத்தாள். அடித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

டிவியும் மணியும் அறைக்கு ஒன்றாக இருந்த அந்தப் பெட்டியில்தான் ஓடின. பெட்டி ஒரு வேலையில் இருக்கும்போது நடுவில் யார் கூப்பிட்டாலும் 'ம்' கொட்டிவிட்டு வேலையை வரிசையில் போட்டுவிட வேண்டும், கை ஒழிந்ததும் செய்ய வேண்டும். இது அவள் தொழிலின் பாலபாடம். ஒரு கூப்பாட்டுக்கே நின்று ஊழியம் பார்த்தால் அடுத்தது காதில் விழாது. அப்படித்தான் எழுதியிருந்தாள். பச்சை விளக்கு அந்த 'ம்'. மேஜையில் மணி அடிப்பது அப்புறம் செய்கிற வேலை. டிவியில் படம் திக்கக் கூடாது என்பதற்காக, மணி வேலையை அதற்கும் பின்னால் தள்ளியவளும் அவளேதான். டிவி ஓடிய வரைக்கும் பெட்டிக்குக் கை ஒழியவே இல்லை.

இப்போது ஒழிந்திருக்கிறது. பெரியவர் கூப்பிட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கிறது. ஒன்றுக்கு ஆள் வந்தால் அடுத்தது. தண்ணீருக்காக அமுக்கியது, மூச்சு முட்டியபோது அமுக்கியது, கடைசியாக அமுக்கியது எல்லாம் உள்ளே வரிசையில் நிற்கிறது.

நர்ஸ் தூங்கவில்லை.

"என்ன மேடம், பெட்டியில ஏதாவது கோளாறா?" என்றார் மேனேஜர்.

நர்ஸ் நிமிர்ந்து இன்ஜினியரின் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் கண்ணில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

இதே பெட்டி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில், எத்தனையோ கட்டிலோரம் இந்நேரம் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் திரும்பி வரும், அவள் தலையில் வந்து விடியும். சொல்லாவிட்டால் போவது ஒருத்தியின் வேலை. இன்ஜினியருக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

கையை நீட்டி டிவியைப் போட்டாள். சத்தத்தையும் கூட்டி வைத்தாள்.

"பெட்டியில ஒரு குறையும் இல்லை சார். எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா, பெரியவர் இன்னும் இந்த ரூமை விட்டுப் போகலைன்னு தோணுது. டிவியை மட்டும் அணைச்சிடாதீங்க."