தேறாத கேஸ்

"ஜிஸ்மி, சுடலைமணியை இன்னையோட நிறுத்திடலாம்."

ஹஸ்னா இப்படிச் சொன்னதும் நர்ஸ் ஜிஸ்மிக்கு மகா திருப்தி.

"நான் அன்னைக்கே சொன்னேனே மேடம். எஸ்டேட் வேலைக்கு டிமிக்கி கொடுத்துட்டு, இங்க வந்து நல்லா உறங்குறாரு."

ஆனைக்கரை கிளினிக்கில் ஹஸ்னாதான் மனநல ஆலோசகர். முதல் நாள் நோயாளி சொல்லும் குறைகளை வைத்தே, இவருக்குப் பேச்சு வைத்தியம் பலிக்குமா, பலிக்காதா என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதில்லை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லாமல் எப்படி இருக்கும்?

ஏலத்தோட்டத்து சுடலைமணி முதல் நாள் தனியாக வந்தார்.

"தூக்கமே வர மாட்டேங்கு மேடம். அடுப்பு பத்த வைக்கையில கண்ணு தன்னால நிறையுது. எல்லாம் என்னாலதான்னு தோணுது."

பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்கிற மனுஷன் போல என்று ஹஸ்னா நினைத்துக்கொண்டாள். "ஏலம் பூக்குறதுக்குள்ள தேறிடுவார்" என்று அவர் எதிரிலேயே ஜிஸ்மியிடம் அடித்துச் சொன்னாள்.

ஏலம் பூத்தது, காய்த்தது, பறிப்பும் தொடங்கிவிட்டது. ஆள் மட்டும் தேறவில்லை.

எப்போது கேட்டாலும், "அப்படியேதான் இருக்கு மேடம்." கண்ணை மூடி மூச்சை மெல்ல விடச் சொன்னால் குறட்டை வரும். துணைக்கு வரும் மனைவி வினோவும் பக்கத்தில் கண்ணை மூடியிருப்பாள். ஜன்னல் வழியே மூடுபனி மெல்ல உள்ளே நுழையும், எங்கிருந்தோ ஏலக்காய் உலர்த்தும் வாசம் வரும். மூன்று பேரும் மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். சமயத்தில் ஹஸ்னாவுக்கே கண் சொருகிவிடும்.

இன்றும் அப்படித்தான். முடிந்ததும் வினோ வெளியே போய், ஜிஸ்மியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையில் டேலியாப் பூ வேறு.

புருஷன் இப்படிக் கிடக்கிறான், இவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? ஹஸ்னாவுக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணா, உங்களுக்கு இது ஒத்து வரலைங்க. இனிமே வர வேண்டாம். உங்க நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுக்கணும்."

சுடலைமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். உங்க கணக்கு தப்பல. முதல் நாள் நான் சொன்னதெல்லாம் அவளுக்கு உள்ளது."

"யாருக்கு?"

"வினோவுக்கு. வயித்துப் பிள்ளை கலைஞ்சதுல இருந்து அப்படித்தான் கிடந்தா. டாக்டர்ட்ட போவோம்னா, 'எனக்கென்ன பைத்தியமா, லயத்துல அக்கம்பக்கத்து வீட்டுக்காரவ என்ன பேசுவாவ'ன்னு ஒரே அழுகை. எனக்கு மனசு சரியில்ல, துணைக்கு வான்னேன். உடனே கிளம்பிட்டா. நீங்க எனக்குச் சொல்லித் தந்ததையெல்லாம் வீட்டுல அவதான் முதல்ல செஞ்சு காட்டுவா."

ஹஸ்னாவுக்கு வெட்கமாக இருந்தது.

"லயத்துல இப்ப என்னைத்தான் பைத்தியம்ங்காவ. அது இருந்துட்டுப் போட்டும்."

கதவுக்கு அந்தப் பக்கம் வினோ மறுபடி சிரித்தாள். அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"இப்பதான் பூ வைக்க ஆரம்பிச்சிருக்கா மேடம். இன்னும் கொஞ்ச நாளைக்கு நானே நோயாளியா இருந்துக்கிடுதேனே."