முகம் மூடுற ஹெல்மெட்

“முகம் தெரியப்பிடாது பாய். அந்த மாதிரி ஒண்ணு எடுங்க.”

தென்காசியில் ஹெல்மெட் கடை வைத்திருக்கும் முகம்மது சலீமுக்கு இது புதுசு. வருகிறவர்கள் விலை கேட்பார்கள், கலர் கேட்பார்கள். போலீஸ் பிடிக்காமல் இருந்தால் போதும் என்றுகூடச் சொல்வார்கள். முகம் தெரியக்கூடாது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்டது இலஞ்சி ரெங்கம்மாள். நெற்றியில் திருநீறு மட்டும். கூட வந்த மருமகள் குழல்வாய்மொழியோ ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன்னால் நின்றாள். சின்ன வயசு. கை தானாக நெற்றிக்குப் போனது, புருவத்துக்கு நடுவே கொஞ்சம் தயங்கியது, பிறகு ஹெல்மெட் வாரைச் சரிசெய்கிற சாக்கில் கீழே இறங்கிவிட்டது.

“எனக்கு இதுவே போதும் அத்தை. முகத்துல காத்து படுது.”

“காத்து வாங்கவா போற? கழட்டு.”

“ஃபுல் ஃபேஸ்னா மூச்சு முட்டும்.”

“போடுதவ எல்லாம் செத்தா போயிட்டாவ?”

அந்த வார்த்தை விழுந்ததும் குழல்வாய்மொழி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாள். சலீம்தான் பேச்சை மாற்றினார்.

“வண்டியில எங்க போகணும்மா, வேலைக்கா?”

“குத்தாலத்துல ஒரு லாட்ஜுல, ரிசப்ஷன்ல. நாளைக்குச் சேரணும்” என்றாள் குழல்வாய்மொழி.

“எம் மவன் போன ஐப்பசியில தவறிட்டான். தோப்பு மோட்டார்ல கரண்ட் அடிச்சிட்டு” என்றாள் ரெங்கம்மாள், யாரோ வீட்டுக் கதை மாதிரி. “அதுக்கப்புறம் இப்பத்தான் இவ வாசப்படி தாண்டுதா.”

சலீமுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த மாதிரி மாமியார்களை அவர் பார்க்காததா? சம்பளம் வீட்டுக்கு வர வேண்டும், மருமகள் முகம் மட்டும் வெளியே தெரியக்கூடாது. நல்ல நியாயம்!

இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

“பாதுகாப்புக்கு ஃபுல் ஃபேஸ்தான்மா நல்லது. கீழ விழுந்தாலும் தாடைக்கு ஒண்ணும் ஆகாது” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

குழல்வாய்மொழி மாட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். ரெங்கம்மாள் கடையை விட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். ஒரு மினி பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

“நெத்தி தெரியுதே பாய். கறுப்புக் கண்ணாடியா போட்டுக் குடுங்க.”

சலீமுக்குப் பொறுமை போய்விட்டது.

“சாரல் விழுற நேரம், ஆச்சி. கறுப்புக் கண்ணாடியில குத்தால ரோட்டுல ஒண்ணும் தெரியாது. பிள்ளை நேரா பஸ்சுக்கு அடியிலதான் போயி விழுவா. ஊரு என்ன சொல்லும்னு பாக்கியளே, உசுரு பெருசில்லையா?”

“இந்த ஊரப் பத்தி உங்களுக்குத் தெரியாது பாய். நீங்க எடுங்க.”

“நான் என்ன தப்பு செஞ்சேன் அத்தை?” ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள் குழல்வாய்மொழி. கண் கலங்கியிருந்தது. “எதுக்கு நான் முகத்த மூடணும்? இப்படித்தான் போகணும்னா எனக்கு அந்த வேலையே வேண்டாம்.”

“வேலைக்குப் போகணும். மூடிக்கிட்டுத்தான் போகணும்.”

இந்தப் பெண் நாளைக்கு வேலைக்குப் போவதே இந்த ஹெல்மெட்டில் வந்து நிற்கிறது என்று சலீமுக்குப் பட்டது. மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார்.

“இதுல ரெண்டு கண்ணாடி. வெளிய உள்ளது வெள்ளை. இந்த லீவரைத் தள்ளினா உள்ள இருந்து கறுப்பு இறங்கி நெத்தி, கண்ணு எல்லாத்தையும் மறைச்சிரும். ரோடு தெரியலன்னா உடனே தூக்கிரலாம். இதுக்கு மேல என்கிட்ட இல்ல.”

ரெங்கம்மாள் அதை வாங்கி லீவரைத் தள்ளினாள். கறுப்பு இறங்கியது. இழுத்தாள். ஏறியது. திரும்பவும் இறக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது. சலீமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதேதான். ஏட்டி, இங்கன திரும்பு.”

குழல்வாய்மொழி அசையவில்லை. ரெங்கம்மாளே அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். சுருக்குப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். மெரூன் கலரில் ஒன்றைப் பிய்த்து, மருமகளின் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

குழல்வாய்மொழி பதறிப் பின்வாங்கினாள். “அத்தை! தெருவுல பாத்தா...”

“தினம் குளிச்சதும் ஒட்டிப் பாத்துட்டு, பிச்சு பாத்ரூம் கதவுக்குப் பின்னால ஒட்டி வைக்கியே, நான் பாக்கலன்னு நினைச்சியா?”

குழல்வாய்மொழியின் கை நெற்றிக்குப் போய்ப் பொட்டின்மேல் நின்றது.

“நம்ம தெருமுக்கு தாண்டுத வரைக்கும் கறுப்ப இறக்கிக்கோ. ஒருத்தி கண்ணுலயும் படாது. மெயின் ரோட்டுக்கு வந்ததும் தூக்கிட்டு, ரோட்டப் பாத்து ஓட்டு. லாட்ஜுல போயி ஹெல்மெட்ட கழட்டிட்டு எப்பவும்போல இரு. அங்கன ஒன்ன யாரு கேக்கப் போறா?”

சலீமுக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து ஹெல்மெட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நீங்க ஏன் அத்தை...” குழல்வாய்மொழி, மாமியாரின் நெற்றியைப் பார்த்தபடி பாதியில் நிறுத்தினாள்.

ரெங்கம்மாள் சுருக்குப்பையை இழுத்துக் கட்டி இடுப்பில் செருகினாள்.

“ஒன் மாமா போகும்போது எனக்கும் ஒன் வயசுதாம்ட்டி. நான் வேலைக்கு டவுன் பஸ்சுலல்லா போனேன், முகத்த எங்கன மூட?”