சரியாகாத வண்டி

“வாங்கி இருபத்தெட்டு நாள்தான் ஆகுது. ஒன்பது தடவை நடுரோட்டுல நின்னுடுச்சு! நான் வண்டியை வாங்கினேனா, வம்பை விலைக்கு வாங்கினேனா?”

கட்டில் பீரோக் கடை முதலாளி போட்ட சத்தத்தில் சர்வீஸ் சென்டரே திரும்பிப் பார்த்தது.

அவர் தன் காரில் சொகுசாக வந்து இறங்கியிருந்தார். பின்னாலேயே அவருடைய புத்தம்புது பிக்கப் வண்டி மூன்று பீரோக்களைச் சுமந்து வந்து, வாசலில் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோனது. பத்தாவது தடவை. பீரோக்களோடு பின்னால் வந்த லோடுமேன்கள் இருவரும் குதித்து இறங்கி, வண்டியை உள்ளே தள்ளினார்கள்.

“காலி வண்டின்னா குதிரையா ஓடுது. லோடு ஏத்தினா படுத்துக்குது. என்ன சீக்கோ!”

மேனேஜர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “கைராசி அக்கா பார்த்துக்குவாங்க சார்” என்றார்.

கைராசி அக்கா அங்கே மெக்கானிக். பதினெட்டு வருஷ சர்வீஸில் ‘என்னால முடியல’ என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. இந்த வருஷத்தை ஒரு புகார்கூட இல்லாமல் முடித்தால் தலைமை மெக்கானிக் பதவி அவருக்குத்தான் என்று மேலிடம் சொல்லியிருந்தது. வருஷம் முடிய இன்னும் ஒரே நாள். அக்காவின் மகள் அவசரப்பட்டுப் பெயர்ப்பலகையே எழுதி வைத்துவிட்டாள்.

லோடோடு, லோடுமேன்களோடு, அக்காவும் ஏறி உட்கார, டிரைவர் இரண்டு தெரு ஓட்டிக் காட்டினார். திரும்பி வந்ததும் அக்கா வண்டிக்கு அடியில் படுத்தார். டிரைவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு டார்ச் அடித்தார்.

அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்த அக்காவின் முகம் சரியில்லை.

“குறை கம்பெனியிலேயே இருக்கு முதலாளி. முன் சீட்டுக்கு அடியில ஒரு சென்சார். லோடு இருக்கும்போது டிரைவருக்குப் பக்கத்து சீட் காலியா இருந்தா, இன்ஜினை அணைச்சிடுது.”

“காலியாத்தான் இருக்கும். புது சீட்டாச்சே! பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கலை. இவனுங்க வேர்வையோட ஏறினா என்னத்துக்கு ஆகும்?”

“அதான் வினை.”

“சரி, ஒரு சிமென்ட் மூட்டையைத் தூக்கி வெச்சுடறேன்.”

“ஆள் உட்கார்ந்து பெல்ட் போட்டாத்தான் சென்சார் ஒத்துக்கும்.”

“அப்போ ஒருத்தன் முன்னாடி, ஒருத்தன் பின்னாடி.”

“பக்கத்துல ரெண்டு பேருக்கு இடம் இருக்கே முதலாளி. ஒண்ணு காலியா இருந்தாலும் அதுக்குக் கோபம் வந்துடும்.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். காதில் பூச்சுற்றுகிறாளோ என்ற சந்தேகம் கண்ணிலேயே தெரிந்தது. லோடுமேன்களை முன்னால் ஏற்றி ஓட்டச் சொன்னார். வண்டி நாலு சுற்று சமர்த்தாகச் சுற்றி வந்தது.

“இப்போ ரெண்டு பேரும் இறங்குங்க. காலி சீட்டோட ஓட்டு பார்க்கலாம்.”

“எதுக்கு முதலாளி, அதான் பார்த்தாச்சே” என்று அக்கா குறுக்கே வந்தார்.

“நான் கண்ணால பார்க்கணும்!”

டிரைவர் வண்டியை எடுத்தார். கேட்டைத் தாண்டவில்லை. ஒரு குலுங்கு குலுங்கி வண்டி அணைந்துபோனது.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். “நிஜம்தான் போலிருக்கே! எப்போ சரி பண்ணித் தருவே?”

“அதுக்கு மாத்துப் பாகமே கிடையாது. என்னால முடியல முதலாளி.”

மேனேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி புகார்ப் படிவம் கேட்டு வாங்கினார். ‘குறை தீர்ந்ததா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று தாள் கிழியும்படி எழுதினார். ஆத்திரம் அடங்காமல் கீழே, ‘கைராசியாவது, ஒண்ணாவது!’ என்றும் சேர்த்தார். அக்கா அதன் அடியிலேயே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

“ஏறித் தொலைங்கடா. காலைத் துடைச்சிட்டு ஏறுங்க!”

வண்டி கிளம்பிப் போனதுதான் தாமதம், மேனேஜர் பொரிந்து தள்ளினார். “போச்சு! பதினெட்டு வருஷப் பேரும் போச்சு, பதவியும் போச்சு! ஒரு புது வண்டியோட குறையைத் தீர்க்க முடியலையா உங்களால?”

அக்கா சட்டைப் பையிலிருந்து நசுங்கிப்போன ஒரு வயர்த் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“தீர்த்தாச்சு சார். டீசல் பம்ப்புக்குப் போற வயர். லோடு அழுத்தினா நசுங்குற மாதிரி மாட்டி அனுப்பியிருக்காங்க. வேற வயர் போட்டு, ஒதுக்கிக் கட்டிட்டேன். இனிமே நிக்கவே நிக்காது.”

“பின்னே எதுக்கு அந்தச் சென்சார் கதை?”

“அந்த ரெண்டு பேரும் பீரோ மேல உட்கார்ந்து வந்தாங்க சார். நான் கூடப் போனப்போ ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. ஒருத்தர் விழப் பார்த்தார். வண்டி சரியாயிடுச்சுன்னு சொல்லியிருந்தா, இந்நேரம் மறுபடி அங்கேதான் ஏறியிருப்பாங்க. பதவி போனது வருத்தம்தான். இல்லேன்னு சொல்லலை.”

மேனேஜர் புகார்ப் படிவத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று ஏதோ உறைத்தது.

“இருங்க. வயரை மாத்தியாச்சுன்னா, கடைசியா கேட் கிட்ட வண்டி எப்படி நின்னுச்சு?”

“டிரைவர் சாவியைத் திருப்பி அணைச்சிருக்கார். சத்தியமா நான் அவர்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலை சார்!”