நார்மலா, பவரா

வண்டியே இல்லாமல் பெட்ரோல் பங்குக்கு வந்திருந்தார் அந்த மனிதர்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டிய பங்க். ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்க நான் வரிசையில் நின்றிருந்தேன். காக்ஸ் டவுனில் நான் பாடம் நடத்தும் பள்ளியில் இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிடுவார்கள்.

அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஸ்வெட்டர், மங்கி குல்லா, கான்வாஸ் ஷூ. காலை நடைக்குக் கிளம்பியவர் பாதியில் உள்ளே திரும்பிவிட்டது போலிருந்தது.

"கொஞ்சம் பிடிச்சுக்கோங்க மேடம். பம்பு கிட்ட போன் கொண்டுபோனா திட்டுவாங்க. கட் மட்டும் ஆயிடக் கூடாது" என்று தன் போனை என் கையில் திணித்தார்.

திரையில் 'தர்ஷினி' என்றிருந்தது. ஸ்பீக்கரில் லாரிகள் போகும் சத்தம்.

அவர் நேராக, பம்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் காந்தாவிடம் போனார். ஆயிரம் சிசி பைக்குக்கு நார்மல் பெட்ரோல் போடுவதா, விலை கூடுதலான பவர் போடுவதா என்று கேட்டார்.

"பெரிய வண்டின்னா பவர்தான் சார். யோசிக்கவே வேணாம்" என்றாள் காந்தா.

வேகமாகத் திரும்பி வந்து அதை அப்படியே போனில் ஒப்பித்தார். "அப்படியா? இங்க நார்மலே போதும்கறாங்களேப்பா" என்றது ஒரு பெண் குரல்.

"இரும்மா, இன்னொருத்தரைக் கேட்டுடறேன். லைன்லயே இரு."

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது. "வண்டி எங்க சார்?" என்றேன்.

அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"சித்ரதுர்காவுல நிக்குது. என் பொண்ணு தனியா ஓட்டிண்டு போறா. அந்த வண்டியை வாங்கினன்னிக்கு, இனிமே இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். அப்புறம் இன்னிக்குத்தான் கூப்பிடறா. என்ன பெட்ரோல் போடணும்னு கேக்கறா."

சொல்லிவிட்டு, போனை மறுபடி என்னிடம் கொடுத்துவிட்டு, ஓடாத குறையாகப் போனார்.

ஆட்டோக்காரர், எல்லாம் ஒரே டேங்கரில்தான் வருகிறது, நார்மலே ஊற்றச் சொல்லுங்கள் என்றார். சுனில் என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஐ.டி. பையன் கம்ப்ரஷன் ரேஷியோ பற்றி ஒரு வகுப்பே எடுத்தான். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொன்றையும் சுமந்து வந்து போனில் இறக்கினார். அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தேகம் வைத்திருந்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. என் முறை வந்து, காற்றும் அடித்து முடித்தாயிற்று. போன் இன்னும் என் கையில்.

அவர் மறுபடி வந்தபோது போனைப் பொத்தியபடி சொன்னேன். "டேங்க் மூடி பக்கத்துல எந்த ஆக்டேன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் சார். அதைப் பாத்து ஊத்தச் சொன்னா முடிஞ்சுது."

"சொல்லலாம்தான்" என்றார்.

ஆனால் சொல்லவில்லை. தண்ணீர் லாரி டிரைவரைப் பார்த்து நடந்தார்.

அப்போதுதான் பங்க் சூப்பர்வைசர் நாணு டீ குடித்துவிட்டு வந்தார். அந்த மனிதரைப் பார்த்ததும் கையிலிருந்த பேப்பர் கப்பைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"சேஷகிரி சார் எதுக்கு வந்திருக்கார்?"

பைக்குக்கு எந்தப் பெட்ரோல் என்று கேட்க வந்திருக்கிறார் என்றேன்.

நாணு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆயில் கம்பெனி லேப்ல பெரிய ஆளு மேடம் அவரு. ரிட்டயர் ஆகற வரைக்கும் இந்தப் பக்கத்து பங்க் எல்லாத்துக்கும் அவருதான் டெஸ்டிங் வருவாரு. பெட்ரோல்ல எங்களுக்கு டவுட்னா இன்னிக்கும் அவரைத்தான் கேப்போம்."

நான் போனை இன்னும் இறுக்கிப் பொத்தினேன். பொண்ணுக்காகக் கேட்கிறாராம் என்றேன்.

"தர்ஷினிக்கா?" நாணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சின்னதுல ஸ்கூல் லீவு விட்டா அவரு கூடவே ஜீப்ல வரும் அது. டென்சிட்டி பாக்கற கண்ணாடி ஜாடியை அதுதான் பிடிச்சுக்கும். ஆக்டேன்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அந்தப் பொண்ணுதான் மேடம்."

என் உள்ளங்கைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்பா, இருக்கியா?"



அவர் திரும்பி வந்தார். தண்ணீர் லாரி போய்விட்டிருந்தது. பம்புகளில் வேறு வண்டி இல்லை. கேட்க இனி ஒருவரும் பாக்கியில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"சரிம்மா, அப்போ..." என்று ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் வெறும் லாரிச் சத்தம்.

பள்ளி மணி அடித்தால் அடிக்கட்டும். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டேன். அந்த ஸ்டிக்கருக்கு மேல் எனக்குப் பெட்ரோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. செய்தியில் கேட்ட ஒரே ஒரு வார்த்தைதான் ஞாபகம் வந்தது. போனில் நன்றாகக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

"சார், இப்பல்லாம் பெட்ரோல்ல இருபது பர்சென்ட் எத்தனால் கலக்கறாங்களாமே? அது பெரிய வண்டிக்கு ஒத்துக்குமான்னு கேட்டீங்களா?"

சேஷகிரி என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற நாணுவைப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்திருக்கும்; சேஷகிரியின் கண் கலங்கிவிட்டது.

"ஆமாம்மா" என்றார் போனில். "எத்தனால்னு ஒண்ணு இருக்கே, அதை மறந்தே போயிட்டோம்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று கடந்து போனது. அப்புறம் ஜாடி பிடித்து வளர்ந்த அந்தப் பெண் கேட்டாள்.

"எத்தனாலா? அப்படின்னா என்னப்பா? மொதல்லேர்ந்து சொல்லு."